கடல் வீட்டுக்குள் வந்த கதை



சில மாதங்களாக நம் குடியிருப்பில் மீன் தொட்டிப் பேச்சு அதிகமாகிவிட்டது. தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகிய சில வீடுகளில், அடுத்தபடியாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், அது ஒளிந்து விளையாடும் கடற்சாமந்தி, நீல வெளிச்சத்தில் அசையும் பவளங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

தொட்டி வைப்பது எப்படி என்று பாடம் நடத்த எனக்குத் தகுதி கிடையாது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டில் ஒரு பவளத் தொட்டி உண்டு. அங்கே தங்கியிருந்த மூன்று மாதமும் அதற்குத் தினசரிக் கணக்கு எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வெப்பம், உப்புத்தன்மை, அம்மோனியா என்று பத்தி பிரித்து எழுதுவது எனக்குக் கைவந்த கலைதானே! எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை தொல்லை பிடித்த பொழுதுபோக்கை மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பொழுதுபோக்கு ஒருமுறை பெரிதாக எழுந்து, சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு மறுபடி எழுந்தது, இன்றுவரை நிற்கிறது. முதல் முறை விழுந்ததற்கும் இரண்டாம் முறை நின்றதற்கும் காரணம் என்ன? அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜன்னலோரத்தில் ஊற்றிய தண்ணீர்

கதை 1846-ல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஆன்னா தின் என்ற பெண்மணி டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த சிறிய பவள உயிர்களைக் கண்டு வியந்து, சிலவற்றை லண்டனுக்கு எடுத்து வந்தார். அவர் வீட்டிலிருந்து கடல் வெகு தூரம். கடல்நீரைத் திரும்பத் திரும்ப வரவழைப்பது சிரமமாக இருந்தது. அதனால் இருக்கும் தண்ணீரையே தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் காபி ஆற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆற்றும்போது காற்று நீரில் கலந்தது. ஊற்றும் வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். வரலாற்றில் அவர் பெயர் இல்லை.

அடுத்த ஆண்டு, 1847-ல், ஆன்னா தின் அந்தக் குடுவைகளில் கடற்பாசியையும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் உயிர்க்காற்றைத் தரும், உயிர்கள் மூச்சு விடும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் என்பது கணக்கு. அந்தப் பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தன. ஒரு மோட்டார்கூட இல்லாத காலத்தில் இது சாதாரணக் காரியமா, சொல்லுங்கள்.

அதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலார் நன்னீரில் சோதனை செய்துகொண்டிருந்தார். தங்கமீனும் நீர்ச்செடியும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற இந்த முக்கூட்டு ஏற்பாட்டை 1850-ல் வெளியிட்டார். தொட்டிக்குள் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு இருக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்ததாகவே நான் படித்துக்கொண்டேன்.

ஒரு புத்தகம் கிளப்பிய மோகம்

1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்களைத் திரட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிலிப் ஹென்றி காஸ். மறு ஆண்டே ‘தி அக்வேரியம்’ என்ற அவருடைய புத்தகம் வந்தது. அந்தச் சொல்லை மக்கள் வாயில் பரப்பியவர் அவர்தான். கண்ணாடி மீதிருந்த வரி 1845-ல் நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி மலிந்திருந்தது. ரயிலும் வந்துவிட்டது. வசதி உள்ள குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரை சென்று, பாறை இடுக்குகளில் கிடைத்ததையெல்லாம் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கின.

காஸ் பொறுப்பில்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்களுக்காக, சாப்பாட்டு உப்போடு மெக்னீசிய உப்புகளும் பொட்டாசிய உப்பும் குறிப்பிட்ட அளவில் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையை எழுதி வைத்தவர் அவர். அந்தக் காலக் கையேடுகள் இன்னொரு நல்ல பாடத்தையும் சொல்லின. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கும் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

எல்லாம் புத்தகத்தில் இருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் தொட்டி நாறியது. 1860-களில் மோகம் வடிந்தது. லண்டனில் தொட்டிகளும் கடலுயிர்களும் விற்ற வில்லியம் ஆல்ஃபர்டு லாய்டு 1858-ல் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் விலைப்பட்டியல் போடும் அளவுக்கு வளர்ந்திருந்தார். 1862-ல் அவர் திவாலானார். கடற்கரையோ அதற்குள் காலியாகிவிட்டது. தம் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களே பாறைக் குளங்களைச் சூறையாடிப் போனதைப் பார்த்து காஸ் மனம் வருந்தியதை, அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். புத்தகம் வீடு வீடாகப் போனது. ஆனால் மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுக்கும்போது, “பதறாதே, இன்னும் எதையும் உள்ளே விடாதே, பொறு” என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. வங்கியில் அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே கேஷ் கவுன்டரில் உட்கார வைக்க மாட்டார்கள். சீனியர் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பல நாள் பார்க்கவிடுவார்கள். விதிப்புத்தகம் எல்லோருக்கும்தான் கொடுப்பார்கள். ஆனால் கள்ள நோட்டை விரல் கண்டுபிடிப்பது புத்தகத்தால் வருவதல்ல.

செக் போட்ட அன்றே பணம் வராத காலம்

தண்ணீர் ஏன் கெட்டது என்பதற்கான விடையும் பிற்பாடுதான் வந்தது. மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் தீங்குதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு தாங்கக்கூடியது. இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர். அது 1890-ஐ ஒட்டிய காலம்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் உள்ளே மீன் விடக் கூடாது. நான் வங்கியில் இருந்த காலத்தில், செக்கைக் கணக்கில் போட்ட அன்றே பணம் எடுக்க முடியாது, கிளியரிங் ஆக வேண்டும் என்று கவுன்டரில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! அதே கதைதான் இது. தொட்டி வாங்கிய சனிக்கிழமையே மீனும் வாங்கி வருவது கிளியரிங் ஆகாத செக்கை நம்பிச் செலவு செய்வது போல. இங்கே திரும்பி வருவது செக் அல்ல, ஓர் உயிர் போகிறது.

ஜகார்த்தாவிலிருந்து பெர்லினுக்கு

இரண்டாம் எழுச்சிக்கு விதை போட்டவர்களில் ஒருவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தம் முறையை அவர் எழுதினார். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைத் துண்டுகள், இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, காற்றுக் குமிழி, இவ்வளவுதான். அந்தப் பாறையின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நீரைச் சுத்தம் செய்தன. இன்று ‘லைவ் ராக்’ என்று சொல்வது அதைத்தான்.

கடலும் வெயிலும் பக்கத்தில் இல்லாத ஜெர்மானியர்கள் அதை வேறு வழியில் பிடித்தார்கள். லைவ் ராக்கோடு பலமான விளக்குகளையும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவியையும் சேர்த்தார்கள். பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோம் அல்லவா, ஸ்கிம்மர் செய்வதும் அதுதான். நுண்ணிய குமிழிகளில் ஒட்டி மேலேறும் கழிவை, அது அழுகி அம்மோனியா ஆகும் முன்பே வெளியேற்றிவிடும். இந்த ஏற்பாட்டுக்குப் ‘பெர்லின் முறை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியம் வேண்டும். அதைக் கொடுக்கச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடும் முறையைப் பரப்பியவர் பீட்டர் வில்கன்ஸ். 1970-களில் வந்த அவருடைய நூல் ஐரோப்பியர்கள் பலருக்கு வழிகாட்டியது. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய அதே சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர்தான் அது!

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல் வருகிறது. பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் என்ற தொட்டி ஆர்வலர் இருந்தார். கிளைவிடும் பவளங்களைத் தொட்டியில் வளர்ப்பது நடக்காத காரியம் என்று பலரும் நினைத்த காலம். அவரிடம் ‘அக்ரோபோரா’ வகைப் பவளம் ஒன்று செழித்து வளர்ந்தது. அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. கிளையை ஒடித்து மற்ற ஆர்வலர்களுக்குக் கொடுத்தார். முருங்கைக் கொம்பு போல, ஒடித்து நட்டால் பவளம் தளிர்க்கும். வாங்கியவர்கள் வளர்த்து, ஒடித்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பவளத்தின் வாரிசுகள் ஐரோப்பாவைக் கடந்து அமெரிக்கத் தொட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு துண்டோடும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம், எங்கே வைக்க வேண்டும் என்ற பேச்சும் கைமாறியது. கடலிலிருந்து புதிதாக ஒன்றைப் பெயர்க்கும் தேவையும் அந்த அளவுக்குக் குறைந்தது.

அமெரிக்காவில் மார்ட்டின் மோ என்ற உயிரியலாளர் 1970-களின் தொடக்கத்தில் கோமாளி மீனை விற்பனை அளவில் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டினார். ரகசியத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் 1982-ல் கையேடாக எழுதினார். ‘தொடக்கக்காரர் முதல் இனப்பெருக்குபவர் வரை’ என்று அதன் துணைத்தலைப்புக்குப் பொருள். 1994-ல் ஜூலியன் ஸ்ப்ரங்கும் சார்லஸ் டெல்பீக்கும் எழுதிய பவளத் தொட்டி நூலின் முதல் தொகுதி வந்தது. இதற்கிடையே ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. மாதம் ஒருமுறை கூடி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, புதியவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்லும் பழக்கம் வந்தது.

முதல் எழுச்சியில் புத்தகமும் கடையும் இருந்தன. இரண்டாம் எழுச்சியில் அவற்றோடு பக்கத்து வீட்டு அனுபவசாலியும் இருந்தார். நான் கண்ட வித்தியாசம் இதுதான்.

நம் கரை

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை மெரினாவில் 1909-லேயே கடலுயிர்க் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன். உலகப்போர்க் காலத்தில், 1942-ல், அது மூடப்பட்டது.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. பெர்லினில் சுண்ணாம்பு கொடுத்துப் பவளத்தை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நம் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தோம். தூத்துக்குடிப் பக்கம் பல ஆண்டுகள் இது நடந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை! ஆகவே “ராமேஸ்வரம் சரக்கு சார், ஒரிஜினல் லைவ் ராக்” என்று யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். காய்ந்த பவளத் துண்டும் இதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் காகிதங்களைக் கேளுங்கள். காகிதம் இல்லாத சொத்துக்கு வங்கி கடன் தராது, நீங்களும் காசு தராதீர்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு, அழிந்த திட்டுகளை மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. ஒடித்து நட்டால் தளிர்க்கும் என்ற அதே குணம்தான் அங்கேயும் கைகொடுக்கிறது.

நம் குடியிருப்புக்கு

ஆசைப்படுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தொட்டி வாங்கும் முன் ஓர் ஆளைத் தேடுங்கள். இரண்டு வருடமாவது கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவராக, உங்களுக்கு எதையும் விற்காதவராக இருக்கட்டும். அவர் வீட்டுக்கு நான்கு முறை போய்த் தண்ணீர் மாற்றும் நாளில் கூட நில்லுங்கள். வாளி தூக்கிப் பார்த்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். முதல் உயிராக, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். அது பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகள் அடுத்து ‘டோரி’ கேட்பார்கள். அந்த நீல மீன் ஓரடி வரை வளரும். சிறிய தொட்டி அதற்குச் சிறை.

கட்டடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 260 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு தனி. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், பீம் அல்லது சுவரை ஒட்டி வைப்பது பற்றிப் பொறியாளர் ஒருவரைக் கேளுங்கள். நம் கோடையில் நீரை 26 டிகிரி அளவில் வைத்திருக்கக் குளிரூட்டும் கருவி வேண்டியிருக்கும், மின் கட்டணம் ஏறும். கரண்ட் போனால் ஓட பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதியவர் ஒருவர் வந்து நின்றால் உங்கள் தொட்டியின் அழகைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் குறிப்பேட்டையும் காட்டுங்கள். முதல் ஆறு வாரம் “வேண்டாம், பொறு” என்று சொல்லுங்கள். அவர் தொட்டியில் ஏதாவது செத்தால் திட்டாமல், அன்றைய அளவுகளைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது யார் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என்பதைப் பக்கத்து வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். ஆன்னா தின் வீட்டில் தண்ணீர் ஆற்றியவர் ஒருவர் இருந்ததால்தானே அந்தப் பவளங்கள் மூன்று ஆண்டு தாங்கின?

நம் பிளாக்குகளில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும், புதியவருக்குச் சொல்லித்தர நேரம் உள்ளவர்களும் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். யாரைப் பார்ப்பது என்று தெரிந்தால், அடுத்த தொட்டி கடையில் தொடங்காமல் உங்கள் வரவேற்பறையில் தொடங்கும். குறிப்பேட்டில் எப்படிப் பத்தி பிரிப்பது என்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிடலாம், சாயங்காலம் நடைப்பயிற்சி முடிந்து வந்துவிடுவேன்.